பிராய்லர் தீவனம்: சோயாவைக் கூட்டுவதா, அமினோ அமிலத்தைக் கூட்டுவதா?

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் சொந்தமாகத் தீவனம் அரைத்து பிராய்லர் வளர்ப்பவர்கள், சோயா புண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: புரோட்டீனை 22-லிருந்து 20-க்கு இறக்கினால் எடை அடிபடுமா? இதற்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். எதை எடுத்துவிட்டு எதைப் போட்டு இறக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 23 சதவீதப் புரதத்தில் எடை வராத பேட்ச் உண்டு. 20 சதவீதத்தில் குறையில்லாமல் வளர்ந்த பேட்சும் உண்டு.

நிறுவனத்திடம் குஞ்சும் தீவனமும் வாங்கி வளர்ப்புக் கூலிக்கு வளர்ப்பவர்கள் கையில் இந்த முடிவு இல்லை. சொந்த மிக்சர் வைத்திருப்பவர்களுக்கும், ஃபார்முலா கொடுத்து அரைத்து வாங்குபவர்களுக்கும்தான் இந்த ஒப்பீடு.

மூட்டையில் அச்சடித்திருக்கும் புரத சதவீதம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆய்வுக்கூடத்தில் தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அதுதான் மொத்தப் புரதம். அந்த நைட்ரஜன் சோயாவிலிருந்து வந்ததா, கருகிய புண்ணாக்கிலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் 287 சதவீதப் புரதம்! கருவாட்டுத் தூளிலும் புண்ணாக்கிலும் யூரியா கலப்பவர்கள் நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

கோழிக்கு வேண்டியது புரதத்தைக் கட்டியிருக்கும் துண்டுகளான அமினோ அமிலங்கள். அதிலும் ஒன்றுக்கொன்று ஒரு விகிதத்தில் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி மலையாகக் குவிந்திருந்தாலும் தைக்கிற நூல் தீர்ந்துவிட்டால் உருப்படி நின்றுவிடும். கோழியின் தசையும் அப்படித்தான்: எது முதலில் தீர்கிறதோ அதோடு வளர்ச்சி நிற்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் போட்ட தீவனத்தில் முதலில் தீர்வது மெத்தியோனின், அடுத்து லைசின், பிறகு திரியோனின். நான்காவதாக வாலின் வரும். ஐசோலூசினும் ஆர்ஜினைனும் அதன் பின்னாலேயே நிற்கும். நூல் தீர்ந்த பின் மிஞ்சும் துணியைக் கோழி சேமித்து வைப்பதில்லை. மிஞ்சிய அமினோ அமிலத்தை உடைத்து, நைட்ரஜனை யூரிக் அமிலமாக்கி எச்சத்தில் தள்ளுகிறது. அப்படித் தள்ளுவதற்கு எரிசக்தி செலவாகிறது, தண்ணீர் செலவாகிறது, உடம்பில் சூடு ஏறுகிறது.

அரசுத் தர நிர்ணயமான ஐஎஸ் 1374, 2007 பதிப்பில் சின்னக் குஞ்சுக்கான முதல் தீவனமான பிரீ ஸ்டார்ட்டருக்கு 23, அடுத்துக் கொடுக்கும் ஸ்டார்ட்டருக்கு 22, கடைசித் தீவனமான பினிஷருக்கு 20 சதவீதம் புரதம் கேட்கிறது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 1994 அட்டவணை முதல் 3 வாரத்துக்கு 23, அடுத்த 3 வாரத்துக்கு 20 என்கிறது. இன்று குஞ்சு இனம் விற்கும் நிறுவனங்களின் கையேடுகளோ செரிக்கும் லைசினை முதலில் குறித்து, மற்றவற்றை அதற்கு இத்தனை சதவீதம் என்றுதான் தருகின்றன. லைசினை அளவுகோலாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. அது பெரும்பாலும் தசை வளர மட்டுமே செலவாகிறது. அதைச் சோதித்து அளப்பதும் எளிது.

11 முதல் 24 நாள் வரையிலான ஸ்டார்ட்டர் தீவனத்தை எடுத்துக்கொள்வோம். எரிசக்தி கிலோவுக்கு 3050 கிலோ கலோரி. செரிக்கும் லைசின் 1.15 சதவீதம். மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து அதில் 75 சதவீதம், அதாவது 0.86. திரியோனின் 66 சதவீதம், 0.76. வாலின் 76 சதவீதம், 0.87. ஐசோலூசின் 68 சதவீதம், 0.78. ஆர்ஜினைன் 106 சதவீதம், 1.22. இந்த ஆறும் மாறாமல் புரதத்தை மட்டும் மாற்றினால் மூன்று வழிகள் கிடைக்கின்றன. கணக்குக்கு எடுத்துக்கொண்ட சோயா 46 சதவீதப் புரதமும் 2.54 சதவீதம் செரிக்கும் லைசினும் உள்ளது, மக்காச்சோளம் 8.5 சதவீதப் புரதமும் 0.22 சதவீதம் செரிக்கும் லைசினும் உள்ளது.

ஒரு டன்னுக்கு, கிலோவில்:

சோயா கலவை: மக்காச்சோளம் 510, சோயா 410, எண்ணெய் 45, டிஎல் மெத்தியோனின் 2.5. புரதம் சுமார் 23.4 சதவீதம்.

மூன்று அமினோ கலவை: மக்காச்சோளம் 595, சோயா 340, எண்ணெய் 30, மெத்தியோனின் 3.0, லைசின் ஹைட்ரோகுளோரைடு 2.0, திரியோனின் 0.95. புரதம் சுமார் 21.

ஆறு அமினோ கலவை: மக்காச்சோளம் 650, சோயா 290, எண்ணெய் 20, மெத்தியோனின் 3.4, லைசின் 3.5, திரியோனின் 1.6, வாலின் 0.9, ஆர்ஜினைன் 0.8, ஐசோலூசின் 0.8. புரதம் சுமார் 19.8.

மூன்றிலும் மீதமுள்ள 30 கிலோ சொச்சம் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), சுண்ணாம்புக்கல் தூள், உப்பு, விட்டமின், தாது உப்புக் கலவை, மற்ற மருந்துகள்.

எண்ணெய் ஏன் குறைகிறது என்று கேட்கலாம். சோயாவைவிட மக்காச்சோளத்தில் எரிசக்தி கிலோவுக்கு சுமார் 1000 கிலோ கலோரி அதிகம். சோயாவை எடுத்து மக்காச்சோளம் போடும்போது எரிசக்தி தானாக ஏறிவிடுகிறது. அந்த அளவுக்கு எண்ணெயைக் குறைக்கலாம். சோயாவைக் குறைப்பதில் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு இந்த எண்ணெயில்தான் ஒளிந்திருக்கிறது. பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சோயா கலவையை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம், அது பாதுகாப்பானது என்பது. ஓரளவு உண்மைதான். வாலின், ஐசோலூசின், ஆர்ஜினைன் மூன்றும் அதில் தேவைக்கு மேல் கிடக்கின்றன. ஆனால் லைசினில் அப்படி எந்த உபரியும் இல்லை. 23.4 சதவீதப் புரதம் போட்டும் செரிக்கும் லைசின் சரியாக 1.15-தான் வருகிறது; திரியோனினோ அளவை எட்டியும் எட்டாமலும் நிற்கிறது. 46 என்று வாங்கிய சோயா 44 ஆக இருந்தால் இந்தக் கலவையில் லைசின் 0.045 குறையும், மூன்று அமினோ கலவையில் 0.037 குறையும். ஆகவே சோயா தரம் கெட்டால் அதிகமாக அடிபடுவது சோயாவை அதிகமாக நம்பியிருக்கும் கலவைதான்.

அதன் பெரிய குறை ஷெட்டுக்குள் போனால் தெரியும். விடியற்காலையில் பக்கத் திரையை இறக்கும் முன் உள்ளே நுழைந்தால் கண் எரிகிறதா என்று பாருங்கள். அமோனியா 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் குஞ்சின் மூச்சுக்குழல் கெட்டு, சளிக்கும் ஈகோலை கிருமிக்கும் வழி திறக்கிறது. அடுத்து, தண்ணீர் வைக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, தரையில் பரப்பிய தேங்காய் மஞ்சியைக் கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. மெல்ல உதிர்ந்தால் சரி. பிடிபடாமல் தூளாகக் கொட்டினால் அதிகமாகக் காய்ந்துவிட்டது. புரதம் கூடினால் கோழி தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும், மஞ்சி கெட்டியாக அடைபட்டுப்போகும், பாதத்தில் புண் வரும். செரிக்காமல் குடலின் கடைசிப் பகுதிக்குப் போகும் புரதம் கிளாஸ்ட்ரிடியம் கிருமிக்குத் தீனி. ரத்தக் கழிச்சலோடு அதுவும் சேர்ந்தால் குடல் அழுகல் வருகிறது. புரதத்தை 1 சதவீதம் குறைத்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் ஏறத்தாழ 10-ல் ஒரு பங்கு குறையும் என்பது பல நாட்டுச் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது.

இனி பணக் கணக்கு. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், கணக்குப் போட மட்டும் ஒரு விலை வைத்துக்கொள்வோம்: சோயா 40 ரூபாய், மக்காச்சோளம் 24, எண்ணெய் 120, லைசின் 150, மெத்தியோனின் 250, திரியோனின் 140. சோயா கலவையிலிருந்து மூன்று அமினோ கலவைக்கு மாறினால் டன்னுக்கு 70 கிலோ சோயாவும் 15 கிலோ எண்ணெயும் மிச்சம்: 4600 ரூபாய். கூடுதல் மக்காச்சோளம் 85 கிலோ, 2040 ரூபாய். அமினோ அமிலங்களுக்கு 558. கீழே சொல்லப்போகும் சோடா உப்பும் கோலின் என்ற சத்தும் ஒரு 100. ஆகச் செலவு 2700. டன்னுக்கு 1900 ரூபாய் நிற்கிறது.

ஒரு கோழி 11 முதல் 24 நாளுக்குள் சுமார் 1.2 கிலோ தின்கிறது. கோழிக்கு 2 ரூபாய் 28 காசு. இதை எப்சிஆரில், அதாவது ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கில், வைத்துப் பாருங்கள். 2 கிலோ கோழிக்கு எப்சிஆர் 0.01 கூடினால் 20 கிராம் தீவனம் கூடுதல். தீவனம் கிலோ 35 ரூபாய் என்றால் 70 காசு. ஆக இந்த மிச்சம் எப்சிஆரில் 0.03-க்குச் சமம். கலவை சரியாக அமைந்தால் முழுக்க லாபம். அரைத்ததில் தவறு நேர்ந்து எப்சிஆர் 0.03 கெட்டுவிட்டால் மொத்தமும் போய்விடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்தத் தீவன மாற்றத்தையும் எடைபோட வேண்டும்.

அதே விலையில் சோயா கிலோ 13 ரூபாய்க்கு இறங்கினால்தான் பழைய சோயா கலவை மூன்று அமினோ கலவைக்குச் சமமாகும். அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை. அதனால் இந்த இரண்டுக்கும் இடையிலான முடிவு தெளிவானது: மூன்று அமினோ கலவைதான். 

ஆறு அமினோ கலவைக்கு மேலும் இறங்குவதில் அந்தத் தெளிவு இல்லை. வாலின் 300, ஆர்ஜினைன் 500, ஐசோலூசின் 600 ரூபாய் என்று வைத்தால் டன்னுக்கு மேலும் மிச்சமாவது 230 ரூபாய் அளவுக்குத்தான். கோழிக்கு 28 காசு. எப்சிஆரில் 0.004. எந்தப் பண்ணையிலும் தராசில் பிடிபடாத வித்தியாசம் இது. இதற்காக மூன்று புதிய பொருட்களை 800, 900 கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டு, ஒன்று விட்டுப்போனால் பேட்சையே இழக்கும் துணிச்சல் வேண்டாம். சோயா 35 ரூபாய்க்குக் கீழே போனால் நஷ்டம்கூட.

ஆனால் சோயா ஏறினால் நிலைமை திரும்புகிறது. 2021-ல் சோயா புண்ணாக்கு விலை ஏறிய ஏற்றத்தில், மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி தர வேண்டியிருந்தது. சோயாவை 80 ரூபாய் என்று போட்டால் ஆறு அமினோ கலவை டன்னுக்கு 2230 ரூபாய் மிச்சப்படுத்தும், கோழிக்கு 2 ரூபாய் 68 காசு. அப்போது அது கற்றுக்கொள்ளத் தகுந்த வேலை. சோயா 50 ரூபாய் தாண்டும் வரை இந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது என்பது எங்கள் கணிப்பு. அதற்கும் கீழே, 19 சதவீதத்துக்கும் குறைவாக ஸ்டார்ட்டரை இறக்கினால் கிளைசின், செரின் போன்றவையும் பற்றாமல் போகின்றன. விற்பனைப் பிரதிநிதி எவ்வளவு ஆசை காட்டினாலும் அங்கே போக வேண்டாம்.

நான்காவதாக ஒரு வழி உண்டு. நடைமுறையில் அதிகம் பேர் போவதும் அதில்தான். புரத சதவீதத்தை 21 அல்லது 22 என்றே வைத்துக்கொண்டு, சோயாவுக்குப் பதில் மலிவான புரதம் போடுவது. எத்தனால் ஆலையில் அரிசியின் மாவுச்சத்து போன பின் மிஞ்சுவதை உலர்த்தி விற்கும் அரிசி டிடிஜிஎஸ் இன்று எங்கும் கிடைக்கிறது. புரதம் 45 சதவீதம், சோயாவுக்குச் சமம், விலை குறைவு. 80 கிலோ சோயாவை எடுத்து 80 கிலோ அரிசி டிடிஜிஎஸ் போட்டால் ஆய்வுக்கூடத் தாளில் புரதம் நகராது. ஆனால் அதில் செரிக்கும் லைசின் 0.8 என்று தாராளமாக வைத்தாலும் டன்னுக்கு 1.4 கிலோ லைசின் காணாமல் போகிறது. 1.15 இருந்த இடத்தில் 1.01. சோயாவையும் அமினோவையும் எண்ணி எண்ணிப் போட்ட உழைப்பு அத்தனையும் இங்கே கரைகிறது. இதை ஈடுகட்ட லைசின் ஹைட்ரோகுளோரைடு 1.8 கிலோ, சுமார் 270 ரூபாய்க்குச் சேர்க்க வேண்டும். டிடிஜிஎஸ் விலையோடு இந்த 270-ஐயும் கூட்டி, பிறகு சோயாவோடு ஒப்பிடுங்கள். மலிவு என்பது அப்போதும் நின்றால் சரி.

டிடிஜிஎஸ் உலர்த்தும்போது சூடு மிஞ்சினால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக் கோழிக்கு எட்டாமல் போகிறது. நிறம் பொன்மஞ்சளாக இருக்க வேண்டும். காப்பித்தூள் நிறமும் தீய்ந்த வாடையும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மக்காச்சோள டிடிஜிஎஸ்ஸில் இன்னொரு ஆபத்து: மாவுச்சத்து எத்தனாலாகப் போய்விடுவதால், சோளத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு ஏறத்தாழ மூன்று மடங்கு செறிவாகிறது. தீவனத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு) தாண்டக் கூடாது. பிரீ ஸ்டார்ட்டரில் டிடிஜிஎஸ் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டரில் 5 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். கடலைப் புண்ணாக்கிலும் லைசின் குறைவு, அஃப்ளடாக்சின் அதிகம். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்றாக இருக்கும், லைசின் இருக்காது. கருவாட்டுத் தூள் மணலும் உப்பும் இல்லாமல் கிடைத்தால் அருமையான பொருள். அப்படிக் கிடைப்பது அபூர்வம்.

சோயாவிலேயே தரம் பார்க்கத் தெரிய வேண்டும். புரதம் 46 என்ற தாள் மட்டும் போதாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரையும் புரதம் 75 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 70-க்குக் கீழே போனால் கருகியது, லைசின் செத்துவிட்டது. 85-க்கு மேலே போனால் சரியாக வேகவில்லை, செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அப்படியே இருக்கிறது. பண்ணையிலேயே பார்க்க யூரியா, பீனால் ரெட் கரைசல் போதும். சோயாவை ஒரு தட்டில் பரப்பி நனைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். அங்கங்கே சில சிவப்புப் புள்ளிகள் வந்தால் பதம் சரி. தட்டு முழுக்கச் சிவந்தால் வேகாதது. அரை மணி நேரமாகியும் ஒரு புள்ளிகூட வராவிட்டால் அதிகமாக வெந்தது. புரதமும் மற்றவையும் எண்ணில் வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். மாதிரி எடுப்பது ஒரு மூட்டையிலிருந்து அல்ல. லோடில் பத்துப் பன்னிரண்டு மூட்டைகளில் குத்தூசி போட்டு எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோ.

மூன்று அமினோ கலவைக்கு மாறுபவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

லைசின் இரண்டு உருவத்தில் விற்கிறது. ஹைட்ரோகுளோரைடில் லைசின் 78 சதவீதம். சல்பேட்டில் சுமார் 55. சல்பேட் விலை குறைவு என்று வாங்கி, ஃபார்முலாவில் இருந்த 2 கிலோவை அப்படியே போட்டால் தீவனத்தில் லைசின் 0.046 குறையும். 2 கிலோவுக்குப் பதில் 2.85 கிலோ போட வேண்டும். மெத்தியோனினிலும் இதே குழப்பம் உண்டு. திரவ மெத்தியோனினின் டப்பாவில் 88 என்று எழுதியிருக்கும். ஆனால் தூள் மெத்தியோனினோடு ஒப்பிட்ட சோதனைகளில் எடைக்கு எடை சராசரியாக 65 சதவீத அளவுக்கே வேலை செய்கிறது. தூள் 3 கிலோவுக்குத் திரவம் 4.6 கிலோ என்று போடுவதே பாதுகாப்பு. விற்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்லும் அளவில் விலை மலிவாகத் தெரிந்தால் 65-ல் வைத்து மறுபடி கணக்குப் பாருங்கள்.

சோயா குறையும்போது பொட்டாசியம் குறைகிறது. லைசின் ஹைட்ரோகுளோரைடு குளோரைடைக் கொண்டுவருகிறது. இரண்டும் சேர்ந்து ரத்தத்தின் அமில, கார நிலையைச் சாய்க்கும். சோடியம், பொட்டாசியத்திலிருந்து குளோரைடைக் கழித்து வரும் மின்பகு சமநிலை சோயா கலவையில் கிலோவுக்கு 250 மில்லி ஈக்விவலன்ட் அருகில் இருக்கும். மூன்று அமினோ கலவையில் 210-க்கு வந்துவிடும். ஆறு அமினோ கலவையில் 180. வேண்டியது 220 முதல் 250. கோடையில் வாய் திறந்து இரைக்கும் கோழிக்கு இது உயிர்ப் பிரச்சினை. மூன்று அமினோ கலவையில் உப்பு 1 கிலோவைக் குறைத்து சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், 1.5 கிலோ போடுங்கள். சோடியம் மாறாது, குளோரைடு மட்டும் இறங்கும். ஆறு அமினோ கலவையில் 2 கிலோ உப்புக்கு 3 கிலோ சோடா. புரதம் குறைத்தேன், கோழி சுறுசுறுப்பில்லை, எடையும் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் பலர் தவறவிட்டது இந்த ஒன்றரை கிலோ சோடாவைத்தான். கோலினும் சோயாவோடு குறையும்; 60 சதவீதக் கோலின் குளோரைடு டன்னுக்கு 300 கிராம் கூட்டினால் சரியாகிவிடும்.

கலக்கும் முறை அடுத்தது. 950 கிராம் திரியோனினை நேரே மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் இருக்கும், பத்து மூட்டையில் இருக்காது. 10 கிராம் துல்லியம் காட்டும் எலெக்ட்ரானிக் தராசில் எல்லா அமினோவையும் தனித்தனியாக நிறுத்து, 20 கிலோ அரைத்த மக்காச்சோளத்தோடு தரையில் புரட்டிக் கலந்துகொள்ளுங்கள். மிக்சரில் பாதி மக்காச்சோளம் போன பிறகு இதைப் போட்டு, மேலே சோயாவையும் மீதியையும் போடுங்கள். எண்ணெய் கடைசியில், உலர்ந்த பொருள்கள் கலந்த பிறகு. முதலிலேயே ஊற்றினால் தூள் உருண்டை கட்டும். படுக்கை ரிப்பன் மிக்சருக்கு எண்ணெய்க்குப் பின் 3 முதல் 5 நிமிடம் போதும். நிமிர்ந்த திருகு மிக்சருக்கு 15 நிமிடமாவது வேண்டும். அதன் அடியில் தங்கும் பத்துப் பதினைந்து கிலோவை எடுத்து மறுபடி மேலே போடுங்கள்.

எல்லா எண்களும் 3050 கிலோ கலோரிக்கு என்பதை மறக்க வேண்டாம். எண்ணெய் விலையைப் பார்த்து எரிசக்தியை 2900-க்கு இறக்கினால் கோழி கூடுதலாகத் தின்னும். லைசினையும் அதே விகிதத்தில் 1.09-க்கு இறக்கலாம், இறக்கவும் வேண்டும். மார்ச் முதல் மே வரை நேர் எதிர். வெயிலில் கோழி தின்பது குறைவதால் லைசினை 1.20 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அதைச் சோயா போட்டு ஏற்றினால் உடம்புச் சூடு கூடும். செரிமானத்தில் மாவுச்சத்தையும் கொழுப்பையும்விட அதிக வெப்பத்தைக் கிளப்புவது புரதம்தான். லைசின் 600 கிராம், மெத்தியோனின் 400, திரியோனின் 300 என்று தூளாகக் கூட்டுங்கள்.

மற்ற இரண்டு பருவங்களுக்குச் சுருக்கமாக. முதல் 10 நாளில் குஞ்சு தின்பது 280 கிராம் அளவுதான், மொத்தத் தீவனத்தில் 10-ல் ஒரு பங்குகூட இல்லை. அங்கே சிக்கனம் பார்ப்பது வீண். புரதம் 22.5 முதல் 23, செரிக்கும் லைசின் 1.25 முதல் 1.28, மூன்று அமினோவும் சேர்த்து. பினிஷரில்தான் மூட்டை மூட்டையாகப் போகிறது. 19 முதல் 19.5, லைசின் 1.02 முதல் 1.05 போதும். மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்த விகிதத்தை 78-க்கு ஏற்றுங்கள், இறகுக்கு அது தேவை. கையேடுகள் பினிஷருக்கு இதைவிட அதிக லைசின் கேட்பதுண்டு. நெஞ்சுக்கறி தனியாக விலைபோகும் நாடுகளுக்கு அது பொருந்தும். உயிர் எடைக்கு விற்கும் நம் சந்தையில் அந்தக் கடைசி லைசினுக்குக் காசு திரும்பாது. ஆனால் கறிக்கடைக்காரர் கோழியை அறுக்கும்போது வயிற்றுக் கொழுப்பைப் பார்க்கிறார். பினிஷரை 18-க்கும் கீழே இறக்கினால் கொழுப்பு கூடும், வியாபாரி அடுத்த முறை வேறு பண்ணைக்குப் போவார்.

மாற்றிப் பார்க்கும்போது போன பேட்சோடு இந்தப் பேட்சை ஒப்பிடாதீர்கள். குஞ்சு வேறு, வெயில் வேறு, நோய் வேறு. ஒரே ஷெட்டை நடுவில் வலை கட்டிப் பிரித்து, ஒரு பக்கம் பழைய தீவனம், மறு பக்கம் புதியது. 10, 17, 24-ஆம் நாள்களில் காலை ஒரே நேரத்தில் பக்கத்துக்கு 100 கோழி, ஒவ்வொன்றாக எடை போடுங்கள். கூட்டாகப் போட்டால் சராசரி மட்டும் தெரியும். சராசரி சரியாக இருந்து, சின்னதும் பெரிதுமாக உருவம் கலைந்திருந்தால் கலப்பில் கோளாறு. எல்லாக் கோழியும் ஒரே அளவுக்குப் பின்தங்கி, தீவனம் மட்டும் கூடுதலாகச் செலவாகியிருந்தால் லைசின் பற்றவில்லை. முதுகிலும் இறக்கையிலும் இறகு சரியாக மூடாமல் ஒன்றையொன்று கொத்தினால் மெத்தியோனினையும் வாலினையும் சரிபாருங்கள். எடை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து, புதிய தீவனப் பக்கத்து மஞ்சி கையில் உதிர்ந்தால், அடுத்த லோடு சோயாவைத் தீவன டன்னுக்கு 70 கிலோ குறைத்தே வாங்கலாம்.